அண்ணன் பாடமாக்கிய பதினான்கு பேர்

"நாலாவது ஆள். உள்நாடு?"

"வாத்தியார். வறுமையை ஒழிக்கப்போறன் எண்டவர். வயசுபோன ஆக்களுக்கு அரசாங்கமே வைத்தியச் செலவு குடுக்கும் எண்டவர். கறுப்பு ஆக்கள் வாக்குப்போடச் சட்டம்."

"வெளிநாடு?"

"வியட்நாம். அதோட ஆளின்ர கதை முடிஞ்சுது."

"கதை முடிஞ்சுது எண்டு சொல்லக்கூடாது அண்ணை. மக்கள் ஆதரவை இழந்தார் எண்டு சொல்லோணும்."

"பொறு பிள்ளை, சாந்து காயப்போகுது."

அவுஸ்திரேலியாவில், வெஸ்ட்மீட்டில் நான் வேலை செய்யும் மருத்துவமனையின் பின்பக்கம், சலவைத் துணி வண்டிகள் வந்துபோகும் பாதையோரம் உட்கார ஒரு சீமெந்து வாங்கு இருக்கிறது. மத்தியான இடைவேளை அரை மணித்தியாலம். மடியில் சாப்பாட்டுப் பெட்டி, கையில் கைபேசி. மறுமுனையில் அண்ணன். வேறு மாநிலத்தில், மெல்பேர்னில், பொயிண்ட் குக் பக்கம் புதிதாக எழும்பும் ஏதாவதொரு வீட்டின் குளியலறையில் முழங்காலில் இருந்து தரைக்கு ரைல்ஸ் ஓடு பதித்துக்கொண்டிருப்பார். கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு வெறும் வாளிக்குள் வைத்திருப்பார். அதனால் அமெரிக்க வரலாறு முழுவதும் வாளிக்குள் இருந்துதான் எனக்குக் கேட்டது.

பக்கத்தில் இருந்து சாப்பிடும் விஜி மதுரைக்காரி. நான் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பகுதியில் வேலை செய்கிறேன், அவளும் அங்கேதான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க்கா, தினமும் ஒரு கச்சான்காரரைப் பத்திப் பேசுறீங்களே, அவரு யாரு? உங்க ஊர்ல கடை வச்சிருந்தாரா?"

கச்சான் என்றால் எங்களுக்கு வேர்க்கடலை. கச்சான்காரர் என்பவர் அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்தவர் என்று சொன்னேன். விஜி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தயிர்ச்சாதத்துக்குத் திரும்பினாள்.

கடிதம் வந்த கதை

அண்ணன் படகில் வந்தவர். படகில் வந்தவர்கள் இந்த நாட்டில் ஒருபோதும் நிரந்தரமாகக் குடியேற முடியாது என்று அரசாங்கம் அறிவித்த பிறகு வந்தவர். இரண்டு கிழமை முந்தியிருந்தால் கதை வேறு. ஆறு வருடங்கள் நாட்டுக்கு வெளியே ஒரு தீவில் தடுத்து வைத்திருந்தார்கள். பிறகு வைத்தியத்துக்காக மெல்பேர்னுக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவமனை, காவலோடு ஒரு ஹோட்டல் அறை, பிறகு ஒருநாள் திடீரென்று தற்காலிக விசாவும் வெளிக்கதவும். வேலை செய்யலாம். ஆனால் மனைவியையும் மகளையும் யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட முடியாது, எத்தனை வருடம் போனாலும்.

ஒன்பது வயதில் விட்டுவந்த மகள் ஆரணிக்கு அப்போது பதினெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வழி மட்டும் இருந்தது. தீவில் இருந்தவர்களில் ஒரு தொகையினரை எடுத்துக்கொள்வதாக அமெரிக்கா முன்பு ஒப்புக்கொண்டிருந்தது. அமெரிக்க அதிகாரிகள் வந்து நேர்முகம் செய்வார்கள். அவர்கள் ஓம் என்றால் அங்கே நிரந்தரம், மனைவி பிள்ளைக்கும் விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் வாழ்நாள் முழுக்க ஆறு மாத விசாதான்.

அந்த நேர்முகத்துக்கான கடிதம்தான் வந்தது. அண்ணன் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். அதில் திகதி இருந்தது, இடம் இருந்தது, கொண்டுவர வேண்டிய பத்திரங்களின் பட்டியல் இருந்தது. என்ன கேட்பார்கள் என்று மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு அன்ரி அதைத் தீர்த்துவைத்தார். அவருடைய பெறாமகன், அக்காவின் மகன், அமெரிக்காவில் இருக்கிறாராம். "ஜனாதிபதிமாரைப் பற்றித்தான் கேப்பினம் பிள்ளை. அவன் புத்தகம் முழுக்கப் பாடமாக்கினவன்" என்றார்.

பெறாமகன் பல வருடம் அங்கே வாழ்ந்து, குடியுரிமைப் பரீட்சைக்கு அதைப் பாடமாக்கியிருக்கிறார். ஓர் அகதியின் முதல் நேர்முகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இது எனக்குத் தெரியாது. யாரையாவது கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றவும் இல்லை.

எங்கள் சனமும் பரீட்சையும்

இதில் என்னை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது. எங்கள் சனத்துக்கு எதைக் கண்டாலும் பரீட்சைதான். வென்ட்வேர்த்வில் பக்கம் வாகனம் ஓட்டிக் காட்டப் போகிறவர்களைப் பாருங்கள். பரீட்சகர் எந்தத் தெருவில் திருப்பச் சொல்வார், எந்தச் சந்தியில் வேண்டுமென்றே பேசாமல் இருப்பார் என்று கையால் வரைந்த படமே சுற்றித் திரிகிறது. ஆறாம் வகுப்புத் தெரிவுப் பரீட்சைக்கு மூன்றாம் வகுப்பிலேயே ரியூஷன். இரத்தப் பரிசோதனைக்கும் போன வருட வினாத்தாள் கிடைத்தால் நாங்கள் வாங்குவோம்.

நானும் அவுஸ்திரேலியக் குடியுரிமைப் பரீட்சைக்குச் சிறு புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போனவள். இருபதுக்கு இருபது. என் கணவர் பத்தொன்பது. இன்றுவரை வீட்டில் அதை நான் மறக்க விட்டதில்லை.

ஆகவே அன்ரி "ஜனாதிபதிமார்" என்றதும் எனக்குப் பயத்தைவிட மகிழ்ச்சிதான் வந்தது. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு என்னிடம் குறிப்பு இருந்தது.

இரண்டு பக்கக் கோடு

உயர்தரத்தில் நான் அரசியல் விஞ்ஞானம் படித்தேன். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத வருடங்கள். விமானம் சுற்றினால் வகுப்புக் கலையும், போனால் கூடும். எங்கள் ரியூட்டரி மாஸ்டருக்கு ஒலிவாங்கி தேவையில்லாத குரல். "இரண்டாம் உலகப்போருக்குப் பிற்பட்ட அமெரிக்க ஜனாதிபதிகளின் உள்நாட்டு, வெளிநாட்டுக் கொள்கைகள்" என்று தலைப்பைச் சொல்லிவிட்டு, கொப்பியின் நடுவில் கோடு கீறச் சொல்வார். இடப்பக்கம் உள்நாடு. வலப்பக்கம் வெளிநாடு. ஒவ்வொரு ஜனாதிபதியும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்க வேண்டும்.

கட்டாயம் வரும் கேள்வி என்று அடித்துச் சொன்னார். அத்தனை பக்கத்தையும் பாடமாக்கினேன். நான் எழுதிய வருடம் அந்தக் கேள்வி வரவில்லை.

கொப்பி எப்போதோ போய்விட்டது. ஆனால் அந்தக் கோடு மனதில் கிடந்தது. இரண்டு நாளில் குசினி மேசையில் இருந்து மறுபடி எழுதினேன். ஒன்பதாவது ஆளோடு மாஸ்டரின் குறிப்பு முடிந்துவிடும். மிச்சத்தை நானே தேடிச் சேர்த்தேன். மொத்தம் பதினான்கு பேர். என் கணவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "உன்ர அண்ணரை அங்க அகதியா அனுப்புறியோ, ஜனாதிபதியா அனுப்புறியோ?" என்றார்.

பத்தொன்பது எடுத்தவர்களோடு இதைப் பேசிப் பயனில்லை.

பட்டப்பெயர்கள்

அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்றவர். அப்பா இறந்ததும் மேசன் வேலைக்குப் போனார். நான் படிக்க வேண்டும் என்பதற்காகப் போனார் என்று எல்லாரும் சொல்வார்கள். அவர் ஒருபோதும் சொன்னதில்லை. ஆங்கிலப் பெயர்கள் அவர் வாயில் நிற்கவில்லை. இரண்டாம் நாளே எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்துவிட்டார். அண்ணனுக்கு அவர்கள் அப்படித்தான், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முதலாவது ஆள் துணிக்கடைக்காரர். அரசியலுக்கு முன் தொப்பியும் கழுத்துப்பட்டியும் விற்றுக் கடை முறிந்தவர். உள்நாட்டில், வெள்ளை கறுப்பென்று பிரிந்துகிடந்த இராணுவத்தை ஒன்றாக்கச் சொன்னார். வெளிநாட்டில், போரில் இடிந்துபோன ஐரோப்பாவைக் கட்டியெழுப்பப் பணம் கொடுத்தார், கம்யூனிசம் பரவாமல் அணைகட்டினார். இரண்டாவது ஆள் தளபதி. உள்நாடு முழுக்கப் பெருந்தெரு போட்டவர். போகும்போது, ஆயுதம் செய்கிறவர்களின் செல்வாக்கைக் கவனியுங்கள் என்று எச்சரித்துவிட்டுப் போனார். "பட்டாளத்தில இருந்த மனுசன் சொன்னா உண்மையாத்தான் இருக்கும்" என்றார் அண்ணன்.

மூன்றாவது, சந்திரனுக்கு ஆள் அனுப்புவேன் என்ற சந்திரன்காரர். நாலாவது வாத்தியார். ஐந்தாவது ஆள் சீனாவோடு கைகுலுக்கிவிட்டு வந்து, சொந்த வீட்டு ஒலிநாடாவில் அகப்பட்டவர். ஆறாவது மன்னிப்புக்காரர், ஐந்தாவதை மன்னித்தவர். எட்டாவது நடிகர். ஒன்பதாவது தகப்பன், பதினோராவது மகன், நடுவில் சாக்சபோன் ஊதிய பத்தாவது ஆள். அவருக்கு அண்ணன் வைத்த பெயர் நாயனக்காரர். பதின்மூன்றாவது ஆள் கட்டடம் கட்டி விற்றவர் என்று சொன்னதும் கொந்தராத்துக்காரர் ஆனார். "எல்லாக் கொந்தராத்துக்காரரும் ஒரே மாதிரித்தான். முந்தின ஆள் கட்டினது எல்லாம் பிழை எண்டுதான் துவங்குவாங்கள்."

எனக்கு ஒரு விடயம் விளங்கவில்லை. முதல் ஒன்பது பேரும் அண்ணனுக்கு ஒரே கிழமையில் வந்துவிட்டார்கள். நான் பாதி சொல்ல மீதியை அவர் சொன்னார். பத்தாவதிலிருந்து திக்கினார். கேட்டேவிட்டேன்.

"உன்ர ரியூட்டரி வேலிக்கு வெளியில சைக்கிளோட நிண்டது ஆர்? வகுப்பு விடுமட்டும் நான்தானே நிண்டனான்" என்றார். "உன்ர மாஸ்டர் கத்தினது சந்தி வரைக்கும் கேட்டது."

பக்கத்து வாளியில் சாந்து கலக்கும் சத்தம் கேட்டது. விமானம் வரும் நாட்களில் என்னைத் தனியே விடக்கூடாது என்று அவர் வேலை முடிந்து வந்து நிற்பார். அவர் அங்கே நின்று என்ன செய்தார் என்று நான் யோசித்ததே இல்லை. முப்பது வருடமாக யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

கச்சான்காரர் எந்தப் பக்கம்?

ஏழாவது ஆள்தான் கச்சான்காரர். நிலக்கடலை விவசாயம் செய்தவர். மாஸ்டரின் குறிப்பில் அவருக்கு உள்நாட்டில் எரிபொருள் நெருக்கடி, வெளிநாட்டில் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் சமாதானம். அவ்வளவுதான். நான் மறுபடி தேடிப் படித்தபோது இன்னொன்று கண்டேன். அகதிகளை எப்படி எடுப்பது, யாரை அகதி என்பது என்று அமெரிக்காவில் இன்றும் இருக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

அண்ணனிடம் சொன்னேன். சத்தம் நின்றது. சாந்துக் கரண்டியைக் கீழே வைத்திருக்க வேண்டும்.

"அப்ப என்னைக் கூப்பிடுறது இந்த மனுசன்ர சட்டத்திலயோ?"

"ஓம்."

"அது எந்தப் பக்கம் பிள்ளை? உள்நாடா, வெளிநாடா?"

யோசித்தேன். சட்டம் உள்நாட்டுச் சட்டம். ஆட்கள் வெளிநாட்டு ஆட்கள். கோட்டில் எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியவில்லை.

"அது பரீட்சைக்கு வராது அண்ணை, விடுங்கோ" என்றேன்.

"நான் எந்தப் பக்கத்தில வாறன் எண்டு அறியத்தான் கேட்டனான்" என்றார் அண்ணன். பிறகு எட்டாவது ஆளுக்குப் போனோம்.

நான் தாண்டிப்போன ஆள்

பன்னிரண்டிலிருந்து நான் நேரே பதினான்குக்குப் போய்விடுவேன். அண்ணன் ஒவ்வொரு முறையும் பிடித்துவிடுவார். "பதின்மூண்டை ஏன் விடுறாய்?" நேரம் போய்விட்டது, இடைவேளை முடிந்துவிட்டது என்று ஏதாவது சொல்வேன்.

காரணம் இருந்தது. பன்னிரண்டாவது ஆள் பதவி முடிகிற நேரத்தில்தான் தீவில் இருப்பவர்களை எடுப்பதாக அவுஸ்திரேலியாவோடு அந்த உடன்பாட்டைச் செய்தார். பதின்மூன்றாவது ஆள் வந்ததும், இது மோசமான உடன்பாடு என்று கோபப்பட்டதாகச் செய்தி வந்தது. அப்போது அண்ணன் தீவில் இருந்தார். நான் வேலைத்தளத்துத் தேநீர் அறையில் நின்றபடி தொலைக்காட்சியில் அதைப் பார்த்தேன்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது.

எழுதக் கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். அமெரிக்கா கைவிட்டால் வேறு வழியில்லாமல் இங்கே கொண்டுவருவார்கள், என் வீட்டுக்குக் கிட்ட இருப்பார் என்று கணக்குப் போட்டேன். அண்ணனுக்கு இருந்த ஒரே கதவு மூடப்போகிறது என்ற செய்தியை நான் தேநீரோடு நின்று இரசித்தேன். கடைசியில் அந்த மனிதரும் முணுமுணுத்துக்கொண்டே உடன்பாட்டை நிறைவேற்றினார். என்னுடைய சந்தோசம் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

அந்த வருடங்களில் நான் அண்ணனோடு கதைத்ததும் குறைவுதான். மாதத்தில் ஒருமுறை எடுப்பேன். என்ன சாப்பாடு என்பேன். சோறு என்பார். மழையோ என்பேன். ஓம் என்பார். பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம். வேலை, பிள்ளைகள், தூரம் என்று சொல்லிக்கொண்டேன். அவருக்குச் சொல்ல என்னிடம் நல்லது ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம்.

நேர்முகம்

நேர்முக நாளில் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். காலையில் காணொளி அழைப்பில் ஒருமுறை பதினான்கு பேரையும் ஓட்டிப் பார்த்தோம். ஒரு பிழையும் இல்லை. வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். பின்னேரம் எடுத்தார்.

"என்ன கேட்டவை? எத்தினையாவது ஆளைக் கேட்டவை?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை பிள்ளை."

ஊர், குடும்பம், வேலை, ஏன் ஓடினார், யாருக்குப் பயந்தார், திரும்பிப் போனால் என்ன நடக்கும். ஒரே கேள்வியைப் பல பக்கத்தாலும் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறார்கள். மொழிபெயர்த்தவர் நல்லவராம். அரை நாள் போயிருக்கிறது.

இரண்டாவது முறையும் அந்தக் கேள்வி வரவில்லை. அவருடைய பயத்தையும் ஊரையும் பற்றிக் கதைத்துத் தயார்ப்படுத்தியிருக்க வேண்டிய நாட்களில் நான் அவருக்கு ஐரோப்பாவைக் கட்டியெழுப்பச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"கடைசியில, உங்களுக்கு ஏதும் கேக்க இருக்கோ எண்டு அந்தப் பொம்பிளை கேட்டவ" என்றார் அண்ணன். "கச்சான்காரர் இன்னும் உயிரோட இருக்கிறாரோ எண்டு கேட்டனான்."

"ஐயோ அண்ணை!"

"மொழிபெயர்க்கிறவர் திகைச்சுப்போனார். கச்சான் பயிரிட்ட ஜனாதிபதி எண்டு சொல்லு எண்டன். அவ சிரிச்சிட்டா. இருக்கிறாராம். வயசு தொண்ணூறுக்கு மேலயாம். ஏழை ஆக்களுக்கு வீடு கட்டிக்குடுக்கச் சுத்தியல் பிடிச்சுக்கொண்டு போறவராம்." பிறகு அவரே சொன்னார், "ஜனாதிபதியா இருந்திட்டு வீடு கட்டப் போயிருக்கிறார் பார்."

மாதங்கள் போயின. மருத்துவச் சோதனை, விரல் அடையாளம், மறுபடி காத்திருப்பு. பிறகு ஓம் என்று பதில் வந்தது.

விமான நிலையம்

அண்ணன் போன நாளில் மெல்பேர்ன் விமான நிலையத்தில் நாங்கள் இருவரும்தான். அவருடைய பைக்குள் சாந்து பூசும் கரண்டி இருந்தது; கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள் என்று சொல்லிப் பெரிய பெட்டிக்குள் மாற்றினோம். நான் சுற்றிக் கொடுத்த புட்டைக் கதிரையில் இருந்தே சாப்பிட்டு முடித்தார். உள்ளே போக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

சொல்லாமல் அனுப்ப எனக்கு முடியவில்லை.

"அண்ணை, பதின்மூண்டாவது ஆள் உங்களை எடுக்கமாட்டன் எண்ட மாதிரிச் செய்தி வந்தபோது நான் சந்தோசப்பட்டனான். நீங்கள் இஞ்ச வந்திடுவீங்கள் எண்டு."

கை துடைத்த கடதாசியை மடித்துக்கொண்டிருந்தார். நான்காக, எட்டாக மடித்தார்.

"எனக்கும் ஒண்டு சொல்ல இருக்கு" என்றார். "ஜனாதிபதிக் கேள்வி ஒண்டும் வராது எண்டு எனக்கு முதலே தெரியும்."

"என்னெண்டு?"

"கடிதம் வந்த கிழமையே, அகதியளுக்கு உதவி செய்யிற நிறுவனத்துப் பிள்ளை ஒண்டைக் கேட்டனான். அப்பிடி ஒண்டும் இல்லை, உங்கட கதையைச் சொன்னாப் போதும் எண்டவ. என்ர கதையை அவவோட இருந்து எல்லாம் ஆயத்தப்படுத்தினனான்."

எத்தனை மத்தியானங்கள். எத்தனை முறை திருத்தியிருப்பேன். ஒருமுறை கவனமில்லை என்று ஏசியும் இருக்கிறேன்.

"பிறகு ஏன் அண்ணை பாடமாக்கினனீங்கள்?"

"தீவில இருக்கேக்க மாதத்தில ஒருக்கா எடுப்பாய். சோறோ எண்டு கேப்பாய். ஓம் எண்டுவன். முடிஞ்சுது. ஜனாதிபதிமார் வந்தாப் பிறகு ஒவ்வொரு நாளும் எடுத்தாய். கேள்வி வராது எண்டு சொன்னா நிப்பாட்டிப்போடுவாய்."

அழைப்பு வந்தது. எழுந்து நின்றார். நான் குந்தியிருந்து அழுதேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் ஒரு மெல்லிய கடதாசியை நீட்டினாள், வாங்கிக்கொண்டேன்.

"போட்டு வாறன் பிள்ளை" என்றார் அண்ணன். எப்போதும் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

இப்போது

அமெரிக்காவின் தெற்கில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறார். அங்கேயும் குளியலறைத் தரைதான். வீதியோரத்தில் எங்கள் ஊரைப்போல அவித்த கச்சான் விற்கிறார்களாம். நூறு வயது கடந்து கச்சான்காரர் காலமான செய்தி வந்த அன்று, வேலை முடிந்ததும் ஒரு பை வாங்கித் தனியே இருந்து சாப்பிட்டதாகச் சொன்னார்.

தன் மனைவியான என் மச்சாளுக்கும் ஆரணிக்கும் விண்ணப்பித்திருந்தார். கடதாசிகள் மெல்ல நகர்ந்து, நேர்முகம் ஒன்று மட்டுமே மிச்சம் என்ற நிலைக்கு வந்தன. அப்போது பதினைந்தாவது ஆள் பதவிக்கு வந்தார். பதினைந்தாவது ஆள் வேறு யாருமில்லை, பதின்மூன்றாவது ஆள்தான். வந்த முதல் நாளே அகதிகளை எடுப்பதை நிறுத்தினார். குடும்பத்தோடு சேர வருகிறவர்களின் அலுவலும் அப்படியே நின்றது. எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

"புதுசாப் பாடமாக்கத் தேவையில்லை, பழைய ஆள்தானே" என்றார் அண்ணன். சிரிக்க முயன்றார் என்று நினைக்கிறேன்.

எனக்கு மத்தியானம் என்றால் அவருக்கு முந்தின நாள் இராச்சாப்பாடு முடிந்த நேரம், யாழ்ப்பாணத்தில் காலை. அதே சீமெந்து வாங்கில் இருந்து இப்போது மூன்று இடத்தையும் ஒரே அழைப்பில் இணைத்துவிடுகிறேன். மச்சாள் நன்றாகக் கதைப்பா. ஆரணிதான் சங்கடம். பன்னிரண்டு வருடமாகத் தகப்பனைக் கைபேசிக்குள் மட்டும் கண்ட பிள்ளை. இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "சாப்பிட்டியே?" என்பார் அண்ணன். "ஓம்" என்பாள். "படிக்கிறியே?" "ஓம்." பிறகு, "பொறுங்கோ, அம்மாட்டக் குடுக்கிறன்." தினமும் இதே அளவுதான். அவளிலும் பிழை சொல்ல முடியாது.

போன கிழமை, தாயிடம் கொடுக்கும் முன் என்னை ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமி, திரும்பத் திறந்து எங்களை நேர்முகத்துக்குக் கூப்பிட்டா, அப்பாக்குப் படிப்பிச்சனீங்களாமே, அந்த ஜனாதிபதிக் கேள்வியெல்லாம் எங்களுக்கும் கேப்பினமோ?"

இல்லையம்மா, அது மாமி விட்ட பிழை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் முந்திவிட்டார்.

"கேப்பினம், கேப்பினம். பதினைஞ்சு பேர். உள்நாடு வேற, வெளிநாடு வேற. ஒரு நாளில படிக்கேலாது. நான் தினமும் எடுத்துச் சொல்லித்தாறன்."

விஜி சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு, நேரமாகிவிட்டது என்று கை காட்டினாள். இன்னும் ஐந்து நிமிடம் என்று விரலை விரித்துக் காட்டினேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"முதலாவது ஆள், துணிக்கடைக்காரர்" என்று தொடங்கினார் அண்ணன்.

"பொறுங்கோ அப்பா" என்றாள் ஆரணி. "கொப்பி எடுத்துக்கொண்டு வாறன்."